மடங்காத இடது முட்டியும் பால் சைக்கிளும்

முட்டி உடைந்து படுத்திருப்பவர்களைப் பார்க்கப் போனால், எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். எப்போது நடப்பேன் என்று. நான் படுத்திருந்தபோது நடப்பதைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. எப்போது சைக்கிள் மிதிப்பேன் என்றுதான் கேட்டேன். பால் டின்னைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய் அத்தனை வீட்டுக்கும் ஊற்ற முடியாது. எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். நடுவே வேறு எங்காவது போய்விடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பண்டார் ஹிலிர் திடலில் மலாய் நாட்டின் சுதந்திரத் தேதியைச் சொன்னார்களே, அந்த வருஷம் அது. அந்தக் கூட்டத்துக்கு நானும் போனேன். என்ன பேசினார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு முன்னால் நின்றவர்களின் முதுகைத்தான் பார்த்தேன். எல்லாரும் கத்தியபோது நானும் கத்தினேன். சைக்கிளை யாராவது தள்ளிக்கொண்டு போய்விடுவார்களோ என்று ஒரு கை அதன் மேலேயே இருந்தது. என் முட்டி உடைந்தது அதற்குப் பல மாதம் கழித்து, புரட்டாசி மழையில்.

அப்போது நான் காஜா பெராங்கில் ராமையா அண்ணனின் மாட்டுக்கொட்டகையில் வேலை செய்தேன். பதினோரு மாடு. கறப்பது அவர், கொண்டுபோய் ஊற்றுவது நான். அதற்கு மூன்று வருஷம் முன்புவரை நானும் என் மனைவி அஞ்சலையும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவினோம். அதுவும் பால், இதுவும் பால் என்று ராமையா அண்ணன் கேலி செய்வார். அவருக்குக் கனத்த உடம்பு. கேலி செய்துவிட்டு அவரே முதலில் சிரிப்பார், வயிறு குலுங்கும்.

அன்றைக்குக் காலை மழை விட்டிருந்தது. சைக்கிளின் கைப்பிடியில் இரண்டு பக்கமும் இரண்டு டின், பின்னால் ஒரு பெரிய டின். ஒரு வீட்டு வாசலில் இருந்து ஒரு சீனத்து அம்மா "சுசு" என்று கூப்பிட்டார். சுசு என்றால் மலாயில் பால், பால்காரனுக்கு அந்த ஊரில் பெயரே சுசுதான். நான் திரும்பிப் பார்த்தேன். முன்சக்கரம் வழுக்கி ஓரத்துச் சாக்கடைக்குள் இறங்கியது. நான் விழுந்தேன், என் மேல் சைக்கிள் விழுந்தது, இடது முட்டி சாக்கடையின் சிமெண்டு விளிம்பில் நேராகப் போய் இடித்தது. சத்தம் கேட்டது. டின்தான் நசுங்கிவிட்டது என்று நினைத்தேன். எழுந்து டின்னைப் பார்க்கப் போனால் எழ முடியவில்லை. காலைத் தூக்கச் சொல்கிறேன், அது தூக்கவில்லை. தொடையில் இருந்து கீழே அந்தக் கால் வேறு யாருடையதோ மாதிரி கிடந்தது.

ஆஸ்பத்திரிக்கு உடனே போகவில்லை. இது என் முதல் முட்டாள்தனம், இன்னொன்று பின்னால் வருகிறது. எண்ணெய் போட்டு நீவிவிடுகிற ஒருவரை ராமையா அண்ணன் கூட்டி வந்தார். அவர் முட்டியைத் தொட்டுப் பார்த்தார், கையை எடுத்துக்கொண்டார். உள்ளே கல்லு கல்லாக நகருகிறது, நான் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, எண்ணெய்ப் புட்டியை மூடிக்கொண்டு போனார். நல்ல மனிதர். நீவியிருந்தால் என் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் முதலில் ஒரு நீளமான பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அரை நாள் அந்த பெஞ்சுதான். என் பக்கத்தில் காதில் எதையோ விட்டுக்கொண்ட ஒருவர், அந்தப் பக்கம் இருமிக்கொண்டே ஒருவர். என் காலை நீட்டி வைக்க அஞ்சலை தரையில் உட்கார்ந்து அவள் மடியில் ஏந்திக்கொண்டாள். பெஞ்சில் வரிசை நகர நகர அவளும் தரையிலேயே நகர்ந்து வந்தாள்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். சதையை விட்டுவிட்டு எலும்பை மட்டும் காட்டுகிற படம் அது. டிரெஸ்ஸர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். டாக்டருக்கு அடுத்தபடியாக இருந்து மருந்து கட்டுகிறவரை அப்போது டிரெஸ்ஸர் என்றுதான் சொல்வோம். இவர் யாழ்ப்பாணத்துக்காரர். முட்டிக்கு மேலே வட்டமாக ஒரு சில்லு இருக்கும், தொட்டுப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். தொடைச் சதை அந்தச் சில்லின் மேலாக வந்து கீழ்க்காலை இழுக்கிறது, அதனால்தான் மடக்கிய காலை நீட்ட முடிகிறது. எனக்கு அந்தச் சில்லு மூன்று துண்டாகவும் கொஞ்சம் தூளாகவும் இருந்தது, உடைத்த கொட்டாங்கச்சி மாதிரி. ஒட்ட வைக்க வழியில்லை, எடுத்துப் போட்டுவிட்டு நரம்பை இழுத்துத் தைத்துவிடுவோம் என்றார். சில்லு இல்லாமல் நடக்கலாமா என்று அஞ்சலை கேட்டாள். நடக்கலாம் என்றார். சைக்கிள் என்று நான் கேட்டேன். அவர் படத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆபரேஷன் மேசையில் மூக்கின் மேல் துணியை வைத்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். அது பழுத்து அழுகிய பழம் மாதிரி இனிப்பாக நாறும். ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டே போ என்றார் டாக்டர். அவர் வெள்ளைக்காரர், டிரெஸ்ஸர்தான் அதைத் தமிழில் சொன்னார். நான் எண்ணினேன். "லாபம், ரெண்டு, மூணு…" அளக்கிறவன் முதல் அளவை ஒன்று என்று சொல்ல மாட்டானே, லாபம் என்றுதானே தொடங்குவான். எனக்கு வேறு மாதிரி எண்ணவே வராது.

"என்ன காணும், இஞ்சையும் பால் யாவாரமோ?" என்று டிரெஸ்ஸர் கேட்டது காதில் விழுந்தது. ஆறுக்கு மேல் நான் எண்ணவில்லை.

கண் விழித்தபோது தொடையிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு. நனைந்த மாவைத் துணியோடு சுற்றுவார்கள், காய்ந்தால் சுவர் மாதிரி ஆகிவிடும். நாலு வாரம் அந்தச் சுவருக்குள் என் கால் இருந்தது. உள்ளே அரிக்கும். அஞ்சலை தென்னை ஓலை ஈர்க்கு ஒன்றைச் சீவி, நுனியில் பஞ்சு சுற்றிக் கொடுத்தாள். அதை உள்ளே விட்டுச் சொறிந்தால் இருக்கிற சுகம் எந்த ராஜாவுக்கும் கிடைத்திருக்காது. மிஸ்ஸி பார்த்தால் பிடுங்கிக்கொண்டு போவார். மறுநாள் அஞ்சலை இன்னொன்று கொண்டுவருவாள். மிஸ்ஸி என்றால் நர்ஸ். அந்த வார்டில் இரண்டு பேர், இருவரும் மலாய்க்காரப் பெண்கள். கண்டிப்பானவர்கள், ஆனால் நான் வலியில் முனகினால் தலையணையைச் சரிசெய்துவிட்டுத்தான் போவார்கள்.

மூன்றாம் வகுப்பு வார்டு, அதனால் செலவு எங்களைக் கடிக்கவில்லை. கடித்தது வேலைதான். நான் ஊற்றிவந்த வீடுகளுக்கு யார் ஊற்றுவது? பக்கத்து வீடுகளுக்கு அஞ்சலை டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பண்டார் ஹிலிர்வரை, ராமையா அண்ணனே என் சைக்கிளில் போனார். அந்த உடம்போடு. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர் கட்டிலில் உட்காரவில்லை, உட்கார்ந்தால் எழ முடியாது என்று நின்றுகொண்டே பேசினார்.

"வீரய்யா, என் முதுகு போச்சுடா. மாட்டுப் பொங்கல் வரைக்கும் தள்ளிப் பாக்குறேன். அதுக்குள்ள நீ ஏறலன்னா வேற ஆள் போட்டுருவேன். தப்பா எடுத்துக்காதே."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? சரிண்ணே என்றேன். ஆனால் அஞ்சலையின் முகம் மாறிவிட்டது. அவளுடைய அண்ணன் தோட்டத்தில் கங்காணியிடம் சொல்லி, எங்களுக்காக லயத்தில் ஒரு வீட்டைப் பிடித்து வைத்திருந்தார். அவருக்கு என் கால் மேல் நம்பிக்கை இல்லை. உட்கார்ந்து செய்கிற வேலை ஸ்டோரில் எனக்குக் கிடைக்கும், அஞ்சலை சீவப் போகலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். ராமையா அண்ணன் போன பிறகு அவள் கஞ்சிச் சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"நான் பத்து வயசுல பெரட்டுக்கு நின்னவங்க. இருட்டுல வரிசையா நின்னு, பேர் கூப்பிட்டா இருக்கேன்னு சொல்லணும். மறுபடி நான் அங்க போயி நிக்க மாட்டேன். நீங்க என்ன செய்வீங்களோ தெரியாது."

அன்றிலிருந்து எனக்கு மாட்டுப் பொங்கல் ஒன்றுதான் நாள்.

பக்கத்துக் கட்டிலைப் பற்றிச் சொல்லவில்லையே. அதில் நடராஜா என்று ஒருவர், பாதத்தில் ஆறாத புண். காஜா பெராங்கிலேயே, செட்டிமார் கம்பத்துக்காரர், கம்பம் என்றால் மலாயில் கிராமம். பெயர் நடராஜா, நெற்றியில் விபூதி, தீபாவளிக்கு வீட்டிலிருந்து வாழையிலையில் சுற்றிய பலகாரம் வந்தது, எனக்கும் பாதி கொடுத்தார். எல்லாம் நம்மைப் போலத்தான். பேச்சு மட்டும் மலாய். மூதாதையர் காலத்திலேயே வந்து தங்கிவிட்டவர்கள். நான் தமிழில் கேட்பேன், அவர் சிரிப்பார். அவர் மலாயில் சொல்வார், நான் தலையாட்டுவேன். நான் அவரை அபாங் என்பேன், மலாயில் அண்ணன். அவர் வீட்டுக்கும் நான்தான் பால் ஊற்றினேன், அவர் மனைவியைத் தெரியும், இவரைத் தெரியாது.

என் மலாய் எப்படிப்பட்டது என்று இங்கே சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் இருந்தவரை எல்லாம் தமிழ்தான். டவுனுக்கு வந்த பிறகு வீட்டு வாசல்களில் நின்று பொறுக்கிய மலாய் என்னுடையது. பால், தண்ணீர், நாளைக்கு, இன்னும் ஒரு கப், புளித்துவிட்டது, இல்லை புளிக்கவில்லை. இவ்வளவுதான். கூடவே மாட்டுக்கொட்டகையில் பொறுக்கிய சில வார்த்தைகள். மாடு பார்க்க வந்த மலாய்க்கார அதிகாரி ஒருமுறை ஒரு மாட்டின் மடியைத் தொட்டு "பெங்காக்" என்றார். மடி வீங்கியிருந்தது. பெங்காக் என்றால் வீக்கம் என்று அன்றைக்குப் படித்துக்கொண்டேன்.

மாவுக்கட்டை எடுத்தார்கள். பெரிய கத்தரியால் வெட்டிப் பிளந்தபோது உள்ளே இருந்த காலைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. தொடை வற்றிப்போய், தோல் உரிந்து, முட்டி மட்டும் பெரிதாக, நடுவில் தையல் கோடு. யாழ்ப்பாணத்து டிரெஸ்ஸரை அந்த வாரம்தான் வேறு வார்டுக்கு மாற்றினார்கள். அதன்பிறகு டாக்டர் என்னிடம் நேராகவே பேசினார், அவருக்குத் தெரிந்த மலாயில். அவர் நாட்டுக்குப் புதிது, அவருடைய மலாயும் புதிது. என்னுடையதும் அரைகுறை.

காலையில் வருவார். போர்வையை விலக்கி, முட்டியின் மேல் கையை வைப்பார்.

"சுடா பெங்கோக்?" என்பார்.

வீங்கிவிட்டதா என்று கேட்கிறார் என்று நான் நினைத்தேன். வீங்கவில்லை, அன்றைக்கு நன்றாகவே வற்றியிருந்தது. பெருமையாகச் சொன்னேன், "தீடா, துவான்." இல்லை ஐயா என்று அர்த்தம்.

அவர் முகம் சுருங்கியது. "மஸ்தி பெங்கோக்" என்றார். மஸ்தி என்றால் கட்டாயம், நிச்சயம். நிச்சயமாக வீங்கும் என்று எச்சரிக்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அசைத்தால்தானே வீங்கும்? அசைக்கவே கூடாது என்று முடிவு செய்தேன். அஞ்சலை வீட்டுத் தலையணையையும் கொண்டுவந்தாள். இரண்டு தலையணைக்கு மேல் காலை நீட்டி, பச்சைப் பிள்ளையைப் படுக்க வைத்த மாதிரி வைத்துக்கொண்டேன். மிஸ்ஸி வந்து பாதத்தைப் பிடித்து மடக்கப் பார்த்தார். நான் கத்திய கத்தலில் அந்தப் பெண் கையை விட்டுவிட்டார். துவானே சொன்னார், பெங்காக் ஆகிவிடும் என்று நான் சொன்னேன். அவர் புரியாமல் என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த முறை டாக்டர் வந்தபோதும் அதே கேள்வி. அதே பதில். அவர் அட்டையில் எதையோ எழுதினார். அதற்கு அடுத்த முறையும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் நான் நல்ல செய்தி சொல்கிறேன், அவர் கவலையோடு போகிறார். வெள்ளைக்காரர்களுக்கு நல்ல செய்தி பிடிக்காது போலிருக்கிறது என்று அஞ்சலையிடம் சொன்னேன். இப்படிப் பதினைந்து நாள் போனது. உடம்பைத் தேற்றிக்கொள்ளக் கிடைத்த நல்ல நாட்கள் அவை, அத்தனையையும் தலையணைக்குக் கொடுத்தேன்.

ஒரு நாள் டாக்டர் போனபிறகு நடராஜா தன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். அவர் சொன்ன மலாயை இப்போது தமிழில் சொல்கிறேன். தம்பி, தினமும் அவர் முட்டி மடங்கிவிட்டதா என்று கேட்கிறார், நீ இல்லை இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாய், உனக்கு வீட்டுக்குப் போக ஆசையில்லையா?

மடங்குவதா, வீங்குவதைத்தானே கேட்டார் என்றேன், எனக்குத் தெரிந்த அளவில், பாதி கையாலேயே. அவர் புரிந்துகொண்டார். சிரிக்கவில்லை. ஆள்காட்டி விரலை நீட்டி, மெதுவாகக் கொக்கி மாதிரி வளைத்தார்.

"இனி பெங்கோக்."

மலாயில் இனி என்றால் இது. பிறகு கன்னம் இரண்டையும் காற்றால் ஊதிக் காட்டினார், தவளை மாதிரி.

"இனி பெங்காக்."

நான் என் விரலை மடக்கிப் பார்த்தேன். கன்னத்தை ஊதிப் பார்த்தேன். அப்புறம் என் முட்டியைப் பார்த்தேன். இரண்டு தலையணையையும் எடுத்துக் கீழே போட்டுவிட்டு மடக்கினேன். அது மடங்கவில்லை. துருப்பிடித்த கதவைத் தள்ளுகிற மாதிரி, இரண்டு விரல் அகலம் அசைந்தது, நின்றது. வேர்த்துக் கொட்டியது. எனக்கு அழுகை வந்தது, வலியால் என்று மிஸ்ஸி நினைத்தார். பதினைந்து நாள். ஒரே ஒரு எழுத்தில் போன பதினைந்து நாள்.

மறுநாள் நடராஜாவே டாக்டரிடம் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார், தப்பு என் வாயில் என்பது மாதிரி. இல்லை துவான், என் காதில் என்று நானும் காதைத் தொட்டுக் காட்டினேன். பிறகு கவராயம் மாதிரி இரண்டு கைகள் உள்ள ஒரு கருவியை முட்டியின் ஓரத்தில் வைத்து அளந்தார். எவ்வளவு மடங்குகிறது என்று அது காட்டும். நடராஜா வழியாக அவர் சொன்னது இது. உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டது. திரும்ப மயக்க மருந்து கொடுத்து ஒரே தடவையாக அழுத்தி மடக்கலாம், ஆனால் தைத்த நரம்பு கிழிந்தாலும் கிழியும். இல்லாவிட்டால் நீயே கொஞ்சம் கொஞ்சமாக மடக்க வேண்டும். வலிக்கும். நாள் ஆகும்.

நான் சைக்கிளைக் கேட்டேன். அவர் காற்றில் விரலால் பெரிய வட்டம் போட்டார். நடக்க இவ்வளவு போதும் என்று கருவியைக் கொஞ்சம் திறந்து காட்டினார். நாற்காலியில் உட்கார இவ்வளவு. சைக்கிளுக்கு இன்னும் மேலே. வட்டத்தின் உச்சிக்குப் போய் விரலை நிறுத்தினார். மிதி மேலே வரும்போது முட்டி மடங்க வேண்டிய இடம் அது. அங்கே தலையை ஆட்டினார், இல்லை என்று.

நானே மடக்குகிறேன் என்று சொன்னேன்.

மார்கழியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும், யாராவது தடுக்கி விழுவார்கள். காலையும் மாலையும் அஞ்சலை உப்புப் போட்ட சுடுதண்ணீரில் துணியை நனைத்து முட்டியைச் சுற்றிப் போடுவாள். அது சூடாக இருக்கும்போதே பாதத்தை இன்னொரு பாதத்தால் பின்னால் தள்ளுவேன். பல்லைக் கடிக்க ஒரு துண்டு. கொஞ்சம் போகும், மறுநாள் காலையில் பார்த்தால் பாதி திரும்பி வந்திருக்கும். கொஞ்ச நாளில் நாற்காலிக்குப் போதுமான அளவு மடங்கியது. டாக்டர் சொன்னதெல்லாம் சரியாக நடந்தது. அதற்கு மேல் வரவில்லை.

ஒரு நாள் மாலை ராமையா அண்ணன் கொட்டகையில் சைக்கிளை விட்டுவிட்டுப் போனதும், அதை இரட்டைக்கால் ஸ்டாண்டில் நிறுத்தச் சொன்னேன். பின்சக்கரம் தரையில் படாது. அஞ்சலையும் இன்னொரு மாட்டுக்காரரும் என்னைத் தூக்கி ஸீட்டில் வைத்தார்கள். இடது மிதி மேலே வருகிறது, வருகிறது, உச்சிக்கு முன்னால் முட்டி பூட்டிக்கொள்கிறது. திரும்பக் கீழே விட்டேன். மேலே, பூட்டு, கீழே. மேலே, பூட்டு, கீழே. தொட்டில் ஆட்டுகிற மாதிரி. மாடுகள் எல்லாம் தலையைத் திருப்பிப் பார்த்தன, எங்கேயும் போகாத சைக்கிளில் இவன் என்ன செய்கிறான் என்று. இப்படி ஒன்பது மாலை.

பத்தாவது மாலை, அலுத்துப்போய், மிதியைப் பின்பக்கமாகச் சுற்றினேன். பின்னால் மிதித்தால் சக்கரம் பிடிக்காது, சும்மா சுற்றும். வேகமாக ஆட்டியதில் கால் தன்னால் உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தது. உள்ளே எதையோ கிழித்த மாதிரி ஒரு வலி. அஞ்சலை ஓடி வந்தாள். நான் இன்னொரு சுற்றுச் சுற்றினேன். அதுவும் போனது. முட்டி உடைந்த யாரைப் பார்த்தாலும் நான் சொல்வது இதுதான், முன்னால் போகாத கால் பின்னால் போகும். ஏனென்று தெரியாது. பின்னால் நூறு தடவை போன பிறகு முன்னாலும் போகும். எனக்கு நாலு நாள் ஆயிற்று. ஸீட்டை எவ்வளவு உயரம் ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றினேன், இடுப்பையும் கொஞ்சம் தூக்கிக் கொடுக்க வேண்டும்.

மாட்டுப் பொங்கலுக்கு ஆறு நாள் இருந்தது. சைக்கிளைத் தெருவுக்குத் தள்ளினேன். அங்கே வேறொரு கஷ்டம் காத்திருந்தது, அதை யாரும் சொல்லவில்லை. மிதிக்க முடிந்தது, ஏற முடியவில்லை. எல்லாரும் எப்படி ஏறுவோம்? சைக்கிளின் இடது பக்கம் நின்று, இடது காலை மிதியில் வைத்து, அதன் மேல் உடம்பைத் தூக்கி, வலது காலை அந்தப் பக்கம் போடுவோம். உடம்பு முழுவதும் ஒரு நொடி இடது முட்டியில் நிற்கும். சில்லு இல்லாத முட்டி நிற்கவில்லை, மடிந்தது. மூன்று தடவை விழுந்தேன். டின்னில் பாலுக்குப் பதில் தண்ணீர், அதனால் நஷ்டமில்லை, நனைந்ததுதான். பால் ஊற்றப் போனால் வீட்டுக்கு வீடு இறங்கி ஏற வேண்டும்.

அஞ்சலை மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே இதையெல்லாம் பார்த்திருக்கிறாள். பார்க்காத மாதிரிதான் இருந்தாள்.

"ஏங்க, நம்ம செவலை வலது பக்கம் உக்காந்தா உதைக்குது. அதுக்காக அண்ணன் கறக்காம விட்டுட்டாரா? அந்தப் பக்கம் போயி உக்காந்துதான கறக்குறாரு."

"சைக்கிள் மாடா?"

"உங்களைக் கீழ தள்ளுதுல்ல."

வலது பக்கம் போய் நின்றேன். சங்கிலி இருக்கிற பக்கம் அது, கைலி சிக்கும், அதனால் யாரும் அந்தப் பக்கம் ஏறுவதில்லை. கைலியை மடித்து இறுக்கிக் கட்டினேன். நல்ல காலான வலது காலை மிதியில் வைத்து, மடங்காத இடது காலைக் கட்டை மாதிரி நீட்டியே பின்னால் வீசிப் போட்டேன். கை பழகவில்லை, சைக்கிள் பாம்பு மாதிரி நெளிந்தது. முதல் நாள் முழுவதும் ஏறுவது, இறங்குவது, ஏறுவது, இறங்குவது. தெருவை ஒரு சுற்றுச் சுற்றக்கூடப் போகவில்லை. தெருவில் போன ஒருவர், இவன் சைக்கிள் திருடப் பழகுகிறான் என்று நினைத்திருப்பார். மூன்றாம் நாள் விழாமல் ஏறினேன்.

மாட்டுப் பொங்கல் அன்று காலை ராமையா அண்ணன் மாடுகளைக் கழுவிக் கொம்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். அஞ்சலையின் அண்ணனும் வந்திருந்தார், எங்களைக் கையோடு கூட்டிப் போகலாம் என்று. நான் மூன்று டின்னையும் நிரப்பச் சொன்னேன். பண்டிகை நாள், எல்லா வீட்டுக்கும் கூடவே பால். ராமையா அண்ணன் வர்ணத் தூரிகையைக் கையில் பிடித்தபடியே நின்று பார்த்தார். நான் வலது பக்கம் போய் நின்றதும், பக்கம் மாறி நிக்கிறடா என்றார். ஏறினேன்.

காஜா பெராங் வீடுகளில் ஒவ்வொரு வாசலிலும் இறங்கி ஏறினேன். செட்டிமார் கம்பத்தில் நடராஜாவின் மனைவி பானையை நீட்டிக்கொண்டு என் காலையே பார்த்தார். ஆற்றுப் பாலம் மேடாக இருக்கும், அங்கே இடது கால் அழுத்தவில்லை. வெட்கப்படாமல் இறங்கித் தள்ளினேன், அந்தப் பக்கம் போய் ஏறினேன். பண்டார் ஹிலிரில் ஒரு கடைக்காரர் நீண்ட நாள் ஆளைக் காணோமே என்று கேட்டார், காய்ச்சல் என்று சொன்னேன், கதை சொல்ல நேரமில்லை. திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. முட்டி கொதித்தது. கண்ணில் பூச்சி பறந்தது. பாலத்தில் மறுபடி இறங்கினேன். இன்னும் ஒரு தடவைதான் ஏற வேண்டும், ஒரே தடவை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கொட்டகைக்கு வந்து இறங்கினேன். ராமையா அண்ணன் மூன்று டின்னின் மூடியையும் திறந்து உள்ளே பார்த்தார்.

"நாளைக்கி அஞ்சு மணிக்கி வந்துரு. லேட்டு பண்ணாத" என்றார். தூரிகையை எடுத்துக்கொண்டு மாட்டுக்குப் போய்விட்டார்.

டின்களைக் கழுவ எடுத்தது அஞ்சலைதான். ஒவ்வொன்றாகத் தூக்கிக் கனம் பார்த்தாள். பிறகு, வேலியோரம் நின்ற தன் அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணே, சாப்பிட்டுட்டுப் போங்க. அந்த லயத்து வீட்ட வேற யாருக்காச்சும் குடுக்கச் சொல்லிருங்க."

அவர் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். பொங்கல் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் விடிவதற்கு முன் எழுந்தேன். கால் கட்டையாகக் கிடந்தது, நேற்று மடங்கியதை எல்லாம் மறந்துவிட்டது. அஞ்சலை எழுந்து தண்ணீர் சுட வைத்தாள். துணியைப் போட்டு, தள்ளித் தள்ளி, மடக்கிக்கொண்டு போனேன். வலது பக்கமாக ஏறினேன். சுதந்திரம் வந்த நாளிலும் அப்படித்தான் ஏறினேன், அன்றைக்கும் வீடுகளுக்குப் பால் வேண்டுமே. ராமையா அண்ணன் மாடுகளை விற்றுவிட்டு ஓய்ந்த பிறகும் நான் வேறு இடத்தில் பால் ஊற்றினேன். இருபத்திரண்டு வருஷம். அத்தனை வருஷத்திலும் அந்த முட்டி ஒரு நாள்கூடத் தானாக மடங்கியதில்லை. தினமும் காலையில் முதலிலிருந்து மடக்க வேண்டும். மடக்கினால் மடங்கும்.